றஞ்சிதம் அக்கா சொல்லாதது

கோபம் ஆறிய பிறகு எழுது என்கிறார் என் கணவர். ஆறுகிற கோபமாக இருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். எனக்கு இன்னும் அந்தப் புத்தகத்தை நினைத்தால் ஏறத்தான் செய்கிறது. ஆகவே ஆறாத கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் பெயர் றெபேக்கா. இலங்கையின் மன்னார் மாவட்டத்தில், விடத்தல்தீவுக்கு வடக்கே, உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் காட்டை ஒட்டிய சிறிய மீன்பிடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. என் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் றஞ்சிதம் அக்காவின் கதை. ஊரில் யாரையாவது மனம்விட்டுச் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மனுசியின் வாயை ஒரு கம்பனி எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொண்ட கதை இது.

அன்றைக்குப் பின்னேரம் நான் ஒன்பதாம் வகுப்பின் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாடம் மேற்கோள்குறி. ஒருவர் பேசியதை அப்படியே எழுதும்போது முதலில் காற்புள்ளி போட வேண்டும், குறியைத் திறக்க வேண்டும், உள்ளே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டும், பேச்சு முடிந்ததும் முற்றுப்புள்ளியை வைத்துக் குறியை மூட வேண்டும். பிள்ளைகள் உற்சாகமாகத் திறப்பார்கள். மூடுவதை மறந்துவிடுவார்கள். மூடாவிட்டால் அந்த ஆள் விடியும்வரை பேசிக்கொண்டே இருப்பார் என்று வகுப்பில் ஏசுவேன். சிரிப்பார்கள். அடுத்த நாளும் மூட மாட்டார்கள்.

றஞ்சிதம் அக்கா உள்ளே வந்து கொப்பிகளின் மேல் ஒரு புத்தகத்தை வைத்தார். வழவழப்பான தாள். அட்டையில் இறால் பண்ணையின் படம். நடுப்பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அக்காவின் முகம் சிரித்தது. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி.

"ரீச்சர், என்ரை படத்துக்குக் கீழை என்ன கிடக்குது? வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

என் தொழில் வியாதி, முதலில் குறிகளைத்தான் பார்த்தேன். 'நண்டுத் தொழிலாளி றஞ்சிதம் சொல்கிறார்' என்பதற்குப் பிறகு காற்புள்ளி இருந்தது. குறி திறந்திருந்தது. முதல் எழுத்து பெரிய எழுத்து. முற்றுப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. குறி ஒழுங்காக மூடியிருந்தது. என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. நூற்றுக்கு நூறு புள்ளி போடலாம். அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்ததை வாசித்தேன்.

"எங்களுக்குப் பண்ணை வேண்டும். இந்தக் கரையை விட்டுப்போக எங்களுக்குச் சந்தோசம்."

தமிழில் சொன்னேன். அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அதை நான் அவரிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தக் கரை என்னவென்று சொல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. எங்கள் மீன்பிடிப் படகுகள், போட்டுகள் என்போம், நண்டு வலைகளோடு வந்து ஏறுகிற இடம் அது. காலையில் போட்டுகள் வந்ததும் பெண்கள் மணலில் குந்தி, வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றுவார்கள். கால் முறிந்த நண்டுக்கு வாங்குகிறவன் அரை விலைதான் கொடுப்பான். ஒரு வலைக்கு இரண்டு பேர், எதிரெதிரே. ஒருத்தி வலையை விரித்துப் பிடிப்பாள், மற்றவள் கழற்றுவாள். தனியாக வருகிறவளுக்குப் போட்டுக்காரர் வலை கொடுக்க மாட்டார்கள். ஆகவே எதிரே இருக்க ஆள் இல்லாதவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இதுதான் எங்கள் கரையின் வழக்கம். கம்பனி கேட்டது இந்த மணலைத்தான். குளம் வெட்டி, வேலி அடைத்து, இறால் வளர்க்கப் போகிறார்களாம். ஊர்ச் சனம் சம்மதமா இல்லையா என்று பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் வைத்துக் கேட்பதாக இருந்தது. அந்தக் கூட்டத்தை முன்னிட்டுக் கம்பனி ஊருக்குள் கொடுத்ததுதான் இந்தப் புத்தகம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பிறந்தது இதே கரையில். சின்ன வயதில் யுத்தத்துக்குத் தப்பி மடுவுக்கு ஓடி, அங்கிருந்து படகில் இந்தியாவுக்குப் போய், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவர். முகாமில் அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது அங்கத்தைய பொலிஸ்காரர் விரட்டுகிற தமிழைப் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்த பிறகு, சோதனைச் சாவடியில் நின்ற நேவிக்காரனின் உடைந்த தமிழைப் பிடித்தார். எருக்கலம்பிட்டியிலிருந்து கருவாடு வாங்க வரும் ஸப்ராஸ் நானா விலை பேசும்போது ஒரு கண்ணை மூடுவார், அதையும் பிடித்தார். பங்குச் சாமியாரின் பிரசங்கத்தை அவர் செய்துகாட்டுகிறார் என்று யாரோ கோள் சொல்ல, சாமியார் கூப்பிட்டுச் செய்யச் சொல்லிப் பார்த்து, சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனார்.

அக்காவுக்கு ஒரு விசயத்தை மற்றவர்களைப் போலச் சொல்லத் தெரியாது. அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார் என்ற பேச்சே இல்லை. தோள் உயரும், நாடி நிமிரும், குரல் மாறும். முன்னால் றஞ்சிதம் அக்கா இருக்க மாட்டார்; சொன்ன ஆளே வந்து நிற்பார். அவருடைய கணவர் பஸ்ரியன் அண்ணர் வாய் திறப்பது குறைவு. ஏன் என்று கேட்டால், தனக்குரியதையும் மனுசியே பேசிவிடுகிறாள் என்பார். வலை கழற்றுகிற பெண்களுக்கு அலுப்புத் தெரியாமல் நேரம் போனது அக்காவால்தான். அவருக்கு எதிரே எப்போதும் இருந்தவள் துசாந்தினி. கலியாணமாகி இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு நண்டு கழற்றப் பழக்கியதும் அக்காதான்.

இனி அந்தப் பேட்டி. கம்பனி, மன்னார் டவுனில் பெனடிக்ற் என்ற பெடியனை வேலைக்கு வைத்திருந்தது. சனத்தின் கருத்தைச் சேகரிப்பது அவன் வேலை. வீடு வீடாக வந்தான். வீட்டில் அக்காவும் பஸ்ரியன் அண்ணரும் மட்டும்; அண்ணர் ஒரு பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பண்ணையைப் பற்றி ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்று பெனடிக்ற் கேட்டான். போனைப் பதிவில் போட்டுக் கதிரையில் வைத்தான். படம் எடுத்தான். போகும்போது கம்பனியின் பெயர் போட்ட குடை ஒன்று கொடுத்தான்.

அவன் கேட்டது என்ன கதைக்கிறார்கள் என்று. அக்கா கதைத்தவரைக் காட்டினார். எங்கள் ஊரில் பல போட்டு வைத்திருப்பவர் றெனால்ட். கம்பனி மீனவர் சங்கத்து ஆட்களுக்கு மன்னாரில் ஒரு ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு கொடுத்தபோது அவர் எழும்பி நின்று துரைமாருக்கு முன்னால் பேசியிருக்கிறார். பஸ்ரியன் அண்ணரும் அங்கே இருந்தவர். வீட்டுக்கு வந்து சொன்னார். அதைத்தான் அக்கா பெனடிக்ற்றுக்குச் செய்துகாட்டினார். வயிற்றைத் தள்ளி, நாடியை நிமிர்த்தி, மூக்கால் இழுத்து, எங்களுக்குப் பண்ணை வேணும், கரையை விட்டுப்போக எங்களுக்குச் சந்தோசம் என்று. பெனடிக்ற்றும் சிரித்தானாம். சிரித்துவிட்டுப் போய்த்தான் இதை எழுதியிருக்கிறான். போனுக்கு வயிறும் தெரியாது, நாடியும் தெரியாது. ஆனால் அவனுக்குக் கண் இருந்ததே.

புத்தகம் ஊருக்குள் பரவிய அடுத்த நாள் காலை அக்கா கரைக்குப் போனார். துசாந்தினி வேறொருத்திக்கு எதிரே இருந்தாள். அக்கா பக்கத்தில் போய் நின்றார். துசாந்தினி தலை நிமிரவில்லை. மற்றவர்களும் அப்படியே. அக்கா நடந்ததைச் சொன்னார், தான் செய்துகாட்டியது றெனால்ட்டை என்று. நம்பவில்லை. அச்சில் வந்திருக்கிறது, படமும் இருக்கிறது, வீட்டில் குடையும் கிடக்கிறது, இதற்கு மேல் என்ன வேணும் என்றாள் ஒருத்தி. பஸ்ரியன் அண்ணர் சாட்சி சொன்னார். புருசன் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வான் என்றார்கள். இத்தனை வருசம் இவருடைய வித்தையைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்த அதே பெண்கள்தான்.

இதைவிட எனக்கு உச்சியில் ஏறியது றெனால்ட்டின் பேச்சு. அந்த ஹோட்டல் பேச்சைப் பற்றி யாரோ கேட்டதற்கு அவர் கையை விரித்திருக்கிறார். தான் அப்படி எதுவும் சொல்லவில்லையாம். யார் சொன்னது என்று புத்தகத்திலேயே பெயரோடு கிடக்கிறதாம். தன் சொல்லை இன்னொருத்தியின் தலையில் இறக்கிவிட்டு, அந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்து நற்கருணையும் வாங்கினார்.

ஒரு கிழமைக்கு மேல் அக்கா தினமும் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். எதிரே இருக்க யாரும் வரவில்லை. வலை கிடைக்கவில்லை. ஊர்க் கதைகள் சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் வேலிக்கு மேலாக என்னைக் கூப்பிட்டு, டவுனிலுள்ள கம்பனியின் கந்தோருக்குத் தன்னோடு வர முடியுமா என்று கேட்டார். நான் பாடசாலைக்கு லீவு போட்டேன்.

பஸ்ஸில் பெரிய பாலத்தைக் கடந்து டவுனுக்குப் போனோம். கம்பனியின் கந்தோரில் குளிரூட்டி போட்டிருந்தார்கள். பெனடிக்ற் எழும்பி, வாங்கோ அக்கா, இருங்கோ என்று நல்ல மரியாதையாகக் கதிரை எடுத்துப் போட்டான். மரியாதையில் குறை சொல்ல முடியாது. நாங்கள் விசயத்தைச் சொன்னதும் போனை எடுத்துப் பதிவைப் போட்டான். மூக்கால் இழுத்த அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. எனக்கு றெனால்ட்டே மேசைக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது.

"அக்கா, இது உங்கடை குரல்தானே?" என்று கேட்டான்.

"குரல் என்ரை. சொல்லு றெனால்ட்டின்ரை. நீங்கள் பாத்துக்கொண்டுதானே தம்பி இருந்தனீங்கள்" என்றார் அக்கா.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். படித்த ஆள், இவவுக்கு விளங்கப்படுத்துங்கோ என்கிற சிரிப்பு. அவனுடைய பேனையை எடுத்து, புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதிக்காட்டினேன். ஒருவர் இன்னொருவருடைய பேச்சைச் சொல்லும்போது இரட்டைக்குறிக்குள் ஒற்றைக்குறி போட வேண்டும். வெளிக்குறிக்குள் றஞ்சிதம் பேசுகிறார். உள்குறிக்குள் றெனால்ட் பேசுகிறார். இதை நான் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன், நீங்கள் அதைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தான் பதிவைக் கேட்டுத் தமிழில் அடித்துக் கொடுத்ததாகச் சொன்னான். கொழும்பில் ஒருவர் அதை ஆங்கிலமாக்கினார். இன்னொருவர் எழுத்துப் பிழை, குறிப் பிழை பார்த்தார். வேறொருவர் பக்கம் அமைத்தார். எல்லாரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்களாம். இரண்டு விதமான குறி போட்டால் பக்கம் குழப்பமாகத் தெரியுமாம். எத்தனை பேர் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். அத்தனை பேரும் காற்புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள், பெரிய எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். இந்த மனுசி இதைச் சொன்னாவா என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா அமைதியாக, தன் பெயரை எடுக்கும்படி கேட்டார். அந்த இரண்டு வரியையும் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். பெனடிக்ற் ஏதோ குறித்துக்கொண்டான். கூட்டத்துக்கு முன் புதிய பதிப்பு வரும், திருத்திவிடுவோம், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். கொண்டுபோன குடையை அக்கா அவன் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். வெளியே நல்ல வெயில்.

பஸ்ஸில் வரும்போது அக்கா தனக்குள் முனகினார். முகாமிலும் நேவிக்காரனிடமும் பேசாமல் இருக்கப் பழகினேன், அப்போதெல்லாம் வாயை மூடச் சொன்னார்களே தவிர வாயை எடுத்துக்கொண்டு போகவில்லை என்றார். அவருக்குக் கண் கலங்கியது. நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கெட்ட வார்த்தைதான். பஸ்ஸில் கன்னியாஸ்திரி ஒருவர் இருந்தார்.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலையில் கம்பனியின் வான் கரைக்கே வந்தது. இரண்டு பேர் இறங்கி, குந்தியிருந்த பெண்களுக்கெல்லாம் புதிய புத்தகம் கொடுத்துவிட்டு, ஈரக் கையால் வாங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வானில் ஏறிப் போய்விட்டார்கள். அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தன் படம் இல்லை, பெயர் மாதிரி ஒன்றும் தெரியவில்லை, திருத்திவிட்டார்கள் போல என்றார்.

நடுப்பக்கத்தைப் பார்த்தேன். படம் இல்லை. றஞ்சிதம் என்ற பெயரும் இல்லை. அதற்குப் பதிலாக, கரையில் நண்டு கழற்றும் பெண்கள் எல்லாருடைய படமும் தூரத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தது. தூரம் என்றாலும் முகங்களை அடையாளம் காண முடிந்தது. 'இந்தக் கரையின் பெண்கள் சொல்கிறார்கள்' என்று எழுதி, காற்புள்ளி போட்டு, குறி திறந்து, பெரிய எழுத்தில் துவங்கி, அதே இரண்டு வரி. ஒரு சொல்கூட மாறவில்லை. முற்றுப்புள்ளி, மூடிய குறி. ஒருத்தி மறுத்தாள் என்பதற்காக அவளை எடுத்துவிட்டு, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் வாயிலும் அதைத் திணித்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் திருத்தமாம்.

நான் வீட்டுச் சட்டையோடு கரைக்கு நடந்தேன். அக்கா பின்னால் வந்தார். பெண்கள் வலைகளோடு இருந்தார்கள். புத்தகங்கள் மணலில் கிடந்தன. ஒருத்தி நண்டுக் கூடையை மூடுவதற்கு எடுத்திருந்தாள். வேலையை நிறுத்துங்கள் என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொல்லியிருப்பேன், எல்லாரும் நிமிர்ந்தார்கள். முதலில் ஆங்கிலத்தில் வாசித்தேன், பிறகு தமிழில். யார் சொன்னதாகப் போட்டிருக்கிறது என்பதையும் வாசித்தேன். படத்தைத் தூக்கிப் பிடித்தேன். தங்கள் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

துசாந்தினி வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழும்பினாள்.

"நான் எப்ப ரீச்சர் இப்பிடிச் சொன்னனான்? என்னட்டை ஒருத்தரும் வந்து கேக்கவே இல்லையே."

எனக்குப் பின்னால் நின்ற றஞ்சிதம் அக்கா முன்னுக்கு வந்தார். யாருடைய குரலிலும் பேசவில்லை. எனக்கே அதிகம் கேட்டுப் பழக்கமில்லாத, கொஞ்சம் கரகரத்த ஒரு குரல்.

"நானும் இதைத்தானே பிள்ளை இவ்வளவு நாளும் உங்களிட்டைக் கேட்டனான்" என்றார்.

சிலர் மணலைப் பார்த்தார்கள். துசாந்தினி மெல்லக் குந்தி, வலையின் மற்றப் பக்கத்தை இழுத்து விரித்து, அக்காவுக்கு இடம் விட்டாள்.

அக்கா இருக்கவில்லை.

"வியாழக்கிழமை எல்லாரும் கூட்டத்துக்கு வாங்கோ. ஒவ்வொருத்தியா எழும்பி, பேரைச் சொல்லி, நான் சொல்லேல்லை, நான் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு இதிலை வந்து இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.